கணிப்பொறியில் எழுத்தும் உருவும்

நாள்தோறும் காலையில் செய்தித்தாளை விரிப்போர்க்குக் கணிப்பொறியைப் பற்றிய புதுமை ஒன்றேனும் கண்ணிற் படாமற் போவதில்லை. வினாவுக்கு விடை பகரும் பொறி வந்தது என்பர். கட்டுரை வரையும் பொறி வந்தது என்பர். சொல்லக் கேட்டு ஓவியம் தீட்டும் பொறி வந்தது என்பர். இவற்றை ஆவலோடு படித்து, நண்பரோடு வாதிட்டு, இயன்றவற்றை இயக்கியும் பார்க்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். தமிழ் படிப்பவனுக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். எழுத்தைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ் மாணவனுக்கு உரியதாயின், இன்று எழுத்து மிகுதியாக வாழும் இடமாகிய கணிப்பொறியும் அவனுக்கு உரியதே என்பது என் விடை.

ஆயினும் புதுமையை அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். விரைவு, விலை, விற்பனை என்பன செய்தித்தாள்கள் கொள்ளும் அளவுகோல்கள். நான் கொள்வது வேறு. வரிசையின் இறுதியில் நிற்கும் மாணவன் ஒருவனுக்கு அப்பொறி யாது செய்தது என்பதே அது. அவ்வாறு அளந்து நோக்கின், செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பெருஞ்செய்திகளினும், தமிழைக் கணிப்பொறியில் எவ்வாறு பதிந்து வைக்கிறோம் என்னும் சிறுசெய்தியே முதலிடம் பெறும். தமிழை எழுத்தாகப் பதிதல் வேண்டும். வெறும் உருவாகப் பதிதல் கூடாது. இவ்வொன்றை வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக்கு மேற்கேயுள்ள நம் ஊர்களுக்குப் பொறிகள் புதியன அல்ல. 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பயணியர் இரயில் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை ஓடியபோது, அஃது இவ்வழியே சென்றது. 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டில், ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையினின்று விஜயந்தா என்னும் பீரங்கி வண்டி வெளிவந்தது. இன்றோ, கடைசல் எந்திரங்கள் இரையும் அம்பத்தூர்த் தெருக்களுக்கு இடையே மென்பொருள் நிறுவனங்களும், ஊரார் உலகத்தார் செய்திகளையெல்லாம் சேமித்து வைக்கும் தரவு மையங்களும் உயர்ந்து நிற்கின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே செல்வோமாயின், திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் கைப்பேசிகள் பூட்டப்படுகின்றன.

இவ்விரண்டிற்கும் நடுவே அமைந்தது பூவிருந்தவல்லி என்னும் அழகிய பெயருடைய பூந்தமல்லி. அங்கே பார்வையற்ற மாணவர்க்கான அரசு மேனிலைப் பள்ளி ஒன்றுண்டு. விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி நூல்களை அச்சிடும் அச்சகம் ஒன்றுண்டு. தேராதூனைத் தலைமையிடமாகக் கொண்ட, பார்வைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் உண்டு. ஆகவே, ஒருபுறம் தரவு மையமும் மறுபுறம் கைப்பேசித் தொழிற்சாலையும் நிற்க, இடையே தமிழகத்துப் பார்வையற்ற மாணவர் பலர் கல்வி பயிலும் ஊர் இருக்கின்றது. பொறியால் மிக்க பயன் அடையத்தக்கவரும் பொறியைச் செய்வோரும் ஒரே பேருந்துத் தடத்தில் வாழ்கின்றனர். அப்பயன் முழுமையாக அவரை அடைகின்றதா என்பதே வினா.

இதற்கு விடை காணுமுன், எழுத்தென்பது யாது என்று தெளிதல் வேண்டும். நம் இலக்கண ஆசிரியர்கள் எழுத்தை முதற்கண் ஒலியாகவே கொண்டனர். வரிவடிவத்தை அவ்வொலிக்கு இட்ட அடையாளமாகவே கருதினர். வடிவம் காலந்தோறும் மாறும். கல்வெட்டில் ககரம் ஓர் உருவாகவும், ஓலையில் வேறோர் உருவாகவும், அச்சில் மற்றோர் உருவாகவும் நின்றது. 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ணை, லை, னை முதலியவற்றின் பழைய கொம்புகள் நீங்கின. உருவம் மாறியதேயன்றி எழுத்து மாறவில்லை. பழைய நூலைப் பயின்ற பாட்டனும் புதிய நூலைப் பயிலும் பேரனும் ஒரே சொல்லையே ஒலிக்கின்றனர்.

கணிப்பொறிக்கோ ஒலியும் தெரியாது, வடிவும் தெரியாது; அது அறிந்தது எண் ஒன்றே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை உலகோர் ஒருமுகமாகக் குறித்துக்கொண்டால், எந்நாட்டுப் பொறியும் அவ்வெண்ணைக் கண்டவுடன் அவ்வெழுத்தை அறிந்துகொள்ளும். அவ்வாறு குறித்த ஒழுங்குக்கே ஒருங்குறி என்று பெயர். 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. அதில் அகரத்தின் எண் 2949. மகரத்தின் எண் 2990. புள்ளியின் எண் 3021. ஆகாரத்தைக் காட்டும் காலின் எண் 3006. ‘அம்மா’ என்று நாம் எழுதினால், பொறியின் உள்ளே 2949, 2990, 3021, 2990, 3006 என்னும் ஐந்து எண்கள் வரிசையாக நிற்கும். இவ்வைந்தையும் கண்ட பொறி, அச்சொல்லைத் திரையிற் காட்டவும் செய்யும்; வாய்விட்டுச் சொல்லவும் செய்யும்; தேடினால் எடுத்தும் கொடுக்கும்.

ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், நம்மவர் வேறொரு வழியை மேற்கொண்டனர். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களையே வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தனர். பாமினி முதலிய எழுத்துருக்கள் இத்தகையன. திரையிற் காண்பார்க்கு அது தூய தமிழே. ஆனால் பாமினியில் எழுதிய ‘அம்மா’ என்னும் சொல்லைப் பொறியின் உட்புகுந்து நோக்கின், அங்கே நிற்பன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. மேலே தமிழ்ச் சட்டை. உள்ளே ஆங்கில உடல். கண்ணுடையான் சட்டையைக் கண்டு மகிழ்கின்றான். கண்ணில்லாதவனுக்காகப் பொறி வாய்திறந்து படிக்கும்போதோ, தாயின் பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஓசையே எழுகின்றது.

இதனைச் செய்தவரை நான் பழிக்க முற்படவில்லை. தமிழ் அச்சின் வரலாற்றிலும் இத்தகைய இடைக்காலம் ஒன்று இருந்தது. 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் முதன்முதல் அச்சேறிய தமிழ், உரோமன் எழுத்தில் அச்சேறிய தமிழே. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோதுதான் தமிழ் தன் சொந்த எழுத்தில் தாளில் ஏறியது. பின்னர் ஜெர்மனியின் ஹாலே நகரினின்று 1713-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறியும் தமிழ் அச்செழுத்தும் வந்து சேர, 1715-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் வெளிவந்தது. லிஸ்பன் நூல் இல்லையேல் கொல்லத்து நூல் இல்லை எனலாம். ஆயினும் கொல்லத்து நூல் வந்தபின் லிஸ்பன் வழக்கத்தையே பற்றி நிற்க வேண்டும் என்று எவரும் வாதிடவில்லை.

கணிப்பொறித் தமிழும் அவ்வாறே பல படிகளை ஏறியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் அவர்கள் 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய முரசு, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்கள் ஆக்கிய மயிலை எழுத்துரு, அயலகத் தமிழர் கூடி வகுத்த தகுதரக் குறியீடு ஆகியன நம் நன்றிக்கு உரியன. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து, தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் தாம், தாப் என்னும் குறியீடுகளையும் தரமாக அறிவித்தது. 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியையே தரமாக ஏற்று, அஃது இயலாத இடத்துக்குத் தமிழ் அனைத்தெழுத்து 16 என்னும் குறியீட்டை வகுத்தது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், முன்னர்ப் பழைய குறியீடுகளில் ஏற்றிய சங்க நூல்களையும் பிற நூல்களையும் பொறுமையோடு ஒருங்குறிக்கு மாற்றினர். அவர் அந்நூல்களைப் படமாக வைக்காமல் எழுத்தாக வைத்தமையாலன்றோ மாற்றுதல் கைகூடியது?

ஆக, வழி திறந்து பல்லாண்டுகள் ஆயின. எனினும் நாம் அவ்வழியிற் செல்கின்றோமா? ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு டி.டி.பி. கடைக்குட் சென்று நோக்குக. திருமண அழைப்பு முதல் வினாத்தாள் வரை இன்னும் பழைய எழுத்துருவிலேயே அமைப்பாரைக் காணலாம். அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அறிவிப்பை அச்சிட்டு, கைப்பேசியாற் படம் பிடித்து, அப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கமே அது. பழைய எழுத்துருவிலாவது ஏதோ ஓர் எண் உண்டு. மாற்றி எழுதும் மென்பொருளால் அதனைத் தமிழாக்கலாம். படத்திலோ எழுத்தே இல்லை; வெண்மையும் கருமையுமான புள்ளிகளே உள்ளன.

என்னோடு தமிழ் பயிலும் நண்பர் ஒருவர் பார்வையற்றவர். பூந்தமல்லியிற் பள்ளிப் படிப்பை முடித்து வந்தவர். அவருடைய மடிக்கணினியில் திரைபடிப்பான் என்னும் மென்பொருள் இயங்குகின்றது. அதன் பெயர் என்.வி.டி.ஏ. 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் அதனைத் தொடங்கினார். ஜேம்ஸ் தே என்பவர் துணை நின்றார். இருவரும் பார்வையற்றவர். விலை கொடுத்து வாங்கவேண்டிய திரைபடிப்பான்கள் ஏழைக்கு எட்டா என்று கண்டு, இதனை இலவசமாகவே உலகுக்கு அளித்தனர். விண்டோஸ் இயக்கமுறையில் தமிழைப் படிக்கும் ஆண்குரல் ஒன்றும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அக்குரலுக்கு வள்ளுவர் என்றே பெயரிட்டுள்ளனர். என் நண்பர் குரலின் விரைவை நம்மாற் பின்தொடர முடியாத அளவுக்கு ஏற்றிவைத்துக் கேட்பார். நாங்கள் ஒரு பக்கம் படிப்பதற்குள் அவர் இரண்டு பக்கம் கேட்டு முடித்து, பொருளும் சொல்லுவார்.

அத்தகையவருக்கு, ஓர் அலுவலகத்தினின்று வந்த உதவித்தொகை அறிவிப்பு சென்ற ஆண்டில் ஒரு படமாக வந்து சேர்ந்தது. திரைபடிப்பான் ‘படம்’ என்ற ஒரு சொல்லோடு வாய்மூடிக்கொண்டது. குழுவில் நாள்தோறும் வரும் நூறு படங்களில் இதுவும் ஒன்றென்று அவர் விட்டுவிட்டார். விண்ணப்பிக்கும் இறுதிநாளுக்கு முந்திய மாலையில், மற்றொருவர் பேச்சுவாக்கிற் சொன்னபோதுதான் செய்தி அவருக்குத் தெரிந்தது. ஓடியாடி விண்ணப்பித்துவிட்டார். “சொன்னால் நாங்கள் படித்துக் காட்டியிருப்போமே” என்று நாங்கள் வருந்தினோம். அதற்கு அவர் சொன்ன விடையை நான் மறக்க இயலாது: “படித்துக் காட்ட நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் எதைப் படிக்கச் சொல்லிக் கேட்பது என்பதை நான் அறிய வேண்டாமா?”

நண்பர்காள்! இதிலன்றோ செய்தியின் உயிர் உள்ளது! பார்வையற்றோர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுதலும், தேர்வில் அவர் சொல்லச் சொல்ல எழுதுதலும் நம் கல்லூரிகளில் வழிவழி வரும் நற்பணிகள். அவை என்றும் நிலைக்கட்டும். ஆயினும் உதவி வேறு, உரிமை வேறு. தன் மதிப்பெண்ணைத் தானே முதலில் அறிதலும், தனக்கு வந்த மடலைப் பிறர் அறியாமற் படித்தலும், தன் வங்கிக் கணக்கில் எஞ்சிய தொகையைத் தானே பார்த்துக்கொள்ளுதலும் நமக்கு எளிய செயல்கள். எளியவாதலின் அவற்றின் அருமையை நாம் உணர்வதில்லை. எழுத்தைப் படமாக்கி அனுப்பும் ஒவ்வொரு முறையும், நாம் அறியாமலே ஒருவருடைய உரிமையை உதவியாகக் குறைத்துவிடுகின்றோம்.

இந்நாட்டில் இக்கல்வி தொடங்கிய வரலாறும் இதற்குச் சான்றாகும். 1887-ஆம் ஆண்டில் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் அம்மையாரும், அதனை அடுத்துப் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் பார்வையற்றோர்க்குப் பள்ளி கண்டனர். அவர் தந்த கொடை படித்துக் காட்டுதல் மட்டும் அன்று. தாமே படிக்கும் ஆற்றலைத் தந்ததே அக்கொடையின் சிறப்பு. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்லி 1951-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. அதன் அமைப்பில் தமிழ் மாணவர் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அச்சில் ‘கொ’ என்று எழுதும்போது ககரத்தின் முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலும் இடுகின்றோம். பிரெய்லியிலோ முதலிற் ககரம், பின்னர் ஒகரம். ஒலிக்கும் முறையே எழுதும் முறை. பழைய எழுத்துருக்கள் கொம்பு, ககரம், கால் என்று கண் கண்ட முறையில் எண்ணை அடுக்கின. ஒருங்குறியோ ககரம், அதன்பின் ஒகரக் குறி என்று ஒலிமுறையில் அடுக்குகின்றது. பார்வையற்றோர் விரலும், ஒருங்குறியும், நம் இலக்கண ஆசிரியரும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றனர். எழுத்து ஒலியே என்னும் பழங்கொள்கையைக் கணிப்பொறி மெய்ப்பித்ததென்று தமிழ் மாணவர் மகிழலாம் அன்றோ?

இனி, எதிர்வாதம் செய்வாரையும் கேட்போம். “படத்தில் உள்ள எழுத்தையும் படிக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி எழுத்தாகப் பதிந்தால் என்ன, படமாக அனுப்பினால் என்ன?” என்பர் சிலர். அவ்வாறு படிக்கும் பொறிகள் வந்துள்ளமை உண்மை. ஆண்டுதோறும் அவை திருந்தி வருதலும் உண்மை. பழைய நூல்களை மீட்பதற்கு அவற்றினும் சிறந்த துணை இல்லை. ஆயினும் படத்தைப் பார்த்து எழுத்தைச் சொல்லும் பொறி ஊகிக்கின்றது. எண்ணைப் பார்த்துச் சொல்லும் பொறி அறிகின்றது. ஊகத்தில் அறம் அரமாகலாம், மனம் மணமாகலாம், நாள் 13 நாள் 18 ஆகலாம். கண்ணுடையான் ஐயுற்றால் படத்தைத் திரும்ப நோக்குவான். கண்ணில்லாதவன் ஊகத்தையே வேதமாகக் கொள்ள வேண்டும். அன்றியும், கையிலிருந்த எழுத்தை நாமே அழித்துப் படமாக்கிவிட்டு, அப்படத்தினின்று எழுத்தை மீட்பதற்குப் பெரும்பொறியை ஏவுதல், நெல்லை உமியாக்கிவிட்டு உமியில் அரிசி தேடுவதை ஒக்கும்.

“அச்சுக்கடையில் உழைப்பவர் பழைய முறையைக் கற்றுப் பிழைக்கின்றனர்; அவர் வயிற்றில் அடிக்கலாமோ?” என்பர் வேறு சிலர். இது நேர்மையான கேள்வி. பேஜ்மேக்கர் என்னும் பழைய மென்பொருள் ஒருங்குறியை அறியாது. ஆதலின் அந்நாளில் அவர்க்கு வேறு வழி இருந்ததில்லை. இன்று அச்சுக்கு உதவும் மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை ஏற்கின்றன. விரல் பழகிய விசைமுறையையும் மாற்ற வேண்டுவதில்லை. பழைய தட்டச்சு முறையிலேயே தட்டி, உள்ளே ஒருங்குறி பதியுமாறு செய்யும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. மாறவேண்டுவது உள்ளே நிற்கும் எண்ணேயன்றி உழைப்பவர் கைப்பழக்கம் அன்று. வேலை கொடுக்கும் நாம் “ஒருங்குறியில் தருக” என்று கேட்பின், அவர் தருவர். கேளாதவர் நாமே.

“ஒரு வகுப்பில் ஒருவர்க்காக எல்லாரும் மாறுவதா?” என்பது மூன்றாவது வாதம். ஒருவர்க்காகவே மாறுதலும் தகும் என்பது என் துணிபு. ஆயினும் பயன் ஒருவரோடு நிற்பதில்லை. எழுத்தாக நின்ற செய்தியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். படமாக நின்றதைத் தேட இயலாது. எழுத்தாக நின்றதைக் கைப்பேசித் திரைக்கேற்ப மடக்கிப் பெரிதாக்கலாம். படத்தைப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு அப்பால் ஓடிவிடும். இதனைப் படிக்கும் பழைய மாணவராகிய பெரியோர் பலர் கண்ணாடியை உயர்த்தியும் தாழ்த்தியும் வாட்ஸ்அப் படங்களோடு போராடுதலை அவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். தமிழ் எழுதத் தெரியாமற் பேச மட்டும் அறிந்த அயலகத் தமிழ்ப் பிள்ளைக்கும், எழுத்தாக உள்ள மடலைப் பொறி படித்துக் காட்டும். கண்ணில்லாதவர்க்கென்று போட்ட வழியிற் கண்ணுடையாரும் நடப்பர்.

சட்டமும் இப்பக்கமே நிற்கின்றது. 2012-ஆம் ஆண்டில் நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பெற்று, ஊனமுற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அந்நோக்கத்துக்காகவே 2013-ஆம் ஆண்டில் மராகேஷ் நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. 2014-ஆம் ஆண்டில் அதனை முதன்முதல் ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னூடகத்திலுள்ள செய்திகள் அவர் அணுகும் வடிவில் இருத்தல் வேண்டும் என்கின்றது. 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வங்கிக் கணக்கு முதலியவற்றுக்காகத் தம்மை மெய்ப்பிக்க வருவோரைப் பொறியின் முன்னே கண்ணிமைத்துக் காட்டுமாறு கேட்கும் முறை, பார்வையற்றோரையும் அமிலவீச்சாற் கண்ணும் முகமும் கெட்டோரையும் வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது என்பது வழக்கு. மின்னணு வழியை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு கூறே என்று நீதிபதிகள் கூறினர். உயிரோடிருத்தலை இமையால் மட்டுமே அறியும் பொறி எத்துணைப் புதியதாயினும், அறிவுடையதென்று அதனை எவ்வாறு புகழ்வது?

சட்டம் தில்லியிற் பிறக்கலாம். பழக்கம் நம் கையிலேதான் பிறக்கவேண்டும். ஆதலின் நாமே செய்யத்தக்க சிலவற்றைக் கூறி அமைகின்றேன். கல்லூரியில் வெளியாகும் தமிழ் அறிவிப்பு எதுவாயினும், படத்தோடு அதன் எழுத்தையும் ஒட்டி அனுப்புக; தட்டச்சு செய்தவரிடம் அவ்வெழுத்து முன்னரே இருத்தலின் இதற்கு மிகுதியான உழைப்பு வேண்டுவதில்லை. பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் ஒருங்குறியில் அமைக்குக. பி.டி.எஃப். கோப்பில் ஒருங்குறித் தமிழும் சில வேளைகளிற் சிதைதலுண்டு. ஆதலின் மூலக் கோப்பையும் உடன் வழங்குக. அச்சுக்கு வேலை கொடுக்கும்போது ஒருங்குறியைக் கேட்டு வாங்குக. நம் ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியும், தாளில் அழகுற வருவதோடு, திரைபடிப்பான் படிக்கத்தக்க கோப்பாகவும் அனைவர்க்கும் கிடைக்குமாறு ஆசிரியர் குழுவினர் அருள்கூர்ந்து ஆவன செய்வாராக. இதில் எழுதுவோருள் பார்வையற்றவரும் இருத்தல் கூடும். தம் கட்டுரை அச்சில் எவ்வாறு வந்ததென்று தாமே படித்தறியும் இன்பம் அவர்க்கும் உரியதன்றோ?

ஒரு கோப்பு எழுத்தா உருவா என்று ஆராய்தற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. அதில் ஒரு சொல்லைத் தொட்டுத் தேர்ந்து, படியெடுத்து, கைப்பேசியின் தேடற் கட்டத்தில் ஒட்டிப் பார்க்க. அங்கும் தமிழாகவே நின்றால் அஃது எழுத்து. ஆங்கிலக் குறிகளாகச் சிதறினால் அது வேடம். தொட்டால் தேரவே மறுத்தால் அது படம். இச்சோதனைக்கு அரை நிமிடம் போதும். கணிப்பொறி ஆர்வலன் ஆகவும் வேண்டுவதில்லை.

அம்பத்தூரில் இன்னும் பெரிய தரவு மையங்கள் எழலாம். திருப்பெரும்புதூரில் இன்னும் மெல்லிய கைப்பேசிகள் பூட்டப்படலாம். அவற்றைப் பற்றிய செய்திகளை நானும் ஆவலோடு படிப்பேன். ஆயினும் அம்மையங்களில் நாம் சேமிக்கும் தமிழ் எழுத்தாக இருத்தல் வேண்டும். அக்கைப்பேசிகள் அத்தமிழைப் பூந்தமல்லி மாணவர் காதிலும் கூற வேண்டும். ஓலையினின்று தாளுக்குத் தமிழை ஏற்றியவர் கண்ணுடையார்க்கு அதனைப் பொதுவாக்கினர். தாளினின்று பொறிக்கு அதனை ஏற்றும் வேலை நம் தலைமுறைக்கு வாய்த்தது. அதனை எல்லார்க்கும் பொதுவாக்குதல் நமக்கு அரிதன்று. இன்று மாலை நாம் அனுப்பும் அடுத்த செய்தியிலேயே அதனைத் தொடங்கலாம்.